பாய்மரமும் பங்காளிகளும்

நான்கு சகோதரர்களுக்குப் பொதுவான கிணற்றை நம்மில் பலர் அறிவோம். இன்று யாருடைய முறை, நாளை யாருடைய முறை என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கமலை பூட்டி இறைத்த காலத்திலும் சரி, மோட்டாரை ஓட்டி இறைக்கும் இக்காலத்திலும் சரி, தன் முறையை மறந்துபோன பங்காளி கிடையாது. ஆனால் கோடையில் தூர் வாரவேண்டிய நாள் வந்துவிட்டால் ஒருவருக்கு வெளியூர்ப் பிரயாணம், மற்றொருவருக்கு உடல்நலமில்லை, மூன்றாமவரோ, “மற்றவர்கள் வரட்டும், நானும் வருகிறேன்” என்கிறார். நீரைப் பங்கிடத் தெரிந்த நமக்குச் சேற்றைப் பங்கிடத் தெரிவதில்லை.

கூட்டுறவின் கடினமான பாடம் இதுவே. இப்பாடத்தை நெசவாளரும் விவசாயியும் தறியிடமிருந்தும் நிலத்திடமிருந்தும் கற்கிறார்கள். கடலோர மக்கள் மரக்கலத்திடமிருந்து கற்றார்கள். பாய்விரித்து ஓடும் மரக்கலத்தைப் பலர் கூடி வைத்துக் காப்பாற்றுவது எங்ஙனம் என்பதைத் தூத்துக்குடிக் கரையை முன்வைத்து இங்கே ஆராய்வோம். அக்கரையில் இன்று ஓர் அருங்கலை மறைந்துகொண்டிருப்பதால் இது வெறும் பழங்கதையன்று.

துறையை வளர்த்த தோணி

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழம் குறைந்தது. பெரிய நீராவிக் கப்பல்கள் கரையை அணுக முடியாமல் ஐந்தாறு மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. திருநெல்வேலிச் சீமையின் பஞ்சுப் பொதிகளும் நிலாவரை இலையும் அக்கப்பல்களை அடைந்தது தோணிகளின் வழியாகத்தான். கப்பலில் வந்த சரக்கும் தோணியில் இறங்கியே கரை சேர்ந்தது. கரிசல் நிலத்தில் விளைந்த பஞ்சு உலகச் சந்தையைக் காண்பதற்குக் கடைசி ஐந்து மைல் தூரம் ஒரு மரக்கலத்தை நம்பியிருந்தது.

பெரிய தோணிகள் இத்துடன் நிற்கவில்லை. இரண்டு மூன்று பாய்மரங்களை நிறுத்தி, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்றன. வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எந்த மாதத்தில் எப்படி வீசும் என்பதே தண்டலுக்குப் பஞ்சாங்கம். உலகின் பிற கரைகளில் பாய்மரச் சரக்குக் கப்பல்கள் அருகிப்போன பின்னரும் இக்கரையில் அவை நெடுங்காலம் ஓடின.

1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் தளத்தின் அருகிலேயே வந்து நிற்கத் தொடங்கின. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சுமை ஏற்றிய தோணிகளின் வேலை சுருங்கிற்று. எஞ்சிய தோணிகளில் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் தோணிகள் இக்காலத்திலும் மாலத்தீவுக்குச் செல்கின்றன. ஆனால் அவற்றைச் செலுத்துவது டீசல் எண்ணெயே. பாயை மட்டுமே நம்பிக் கடல் கடந்த தலைமுறை முதுமை அடைந்துவிட்டது.

இயந்திரம் வந்ததைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. காற்றுக்குக் காத்திருந்தால் காய்கறி அழுகும். கடலில் நிற்கும் மனிதனின் உயிருக்கும் இயந்திரம் ஒரு காவல். ஆயினும், ஒரு தொழிலுக்கு வேண்டாததாகிவிட்ட கலை நாட்டுக்கே வேண்டாததாகிவிடுமா? விசைத்தறி வந்தபின் கைத்தறியைப் பற்றி இதே வினாவைக் கேட்டவர்களுக்கு நம் சங்கங்கள் என்ன விடையளித்தன என்பதை நினைவிற்கொள்வோமாக.

கயிற்றைப் பிடித்த கை

பாய்மரக் காலத்தில் இக்கரையின் பங்குமுறையைத் தெளிவாகக் காட்டியது முத்துக்குளிப்பு. இதனைச் சலாபம் என்றும் வழங்குவர். படகுகள் விடியுமுன் கரைக்காற்றில் பாய்விரித்துப் பார்களை நோக்கிச் செல்லும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்பும். குளிப்பவர் கல்லின் பாரத்தால் ஆழத்துக்கு இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்த கணமே அவர் இழுக்கவேண்டும். தன் சகோதரியின் தாலிக்கு அஞ்சி உறங்காதிருப்பான் என்பதற்காக மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க வைத்தார்கள் என்று கரையோர மக்கள் சொல்வதுண்டு. கதையாயினும் அதன் கருத்துப் பொருள் உடையது: தன் நஷ்டமும் கலந்திருக்கும் இடத்தில்தான் மனிதன் விழித்திருக்கிறான்.

கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு படகினருக்கும் உரியதாயிருந்தது. அந்த ஒரு பங்கிலிருந்தே குளித்தவருக்கும், கயிறு பிடித்தவருக்கும், படகுக்கும் உரியது பிரிந்தது. இங்கே நாம் கவனிக்கவேண்டியது படகுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே. இக்கரையின் மீன்பிடித் தொழிலிலும் இவ்வழக்கம் உண்டு. ஆட்களின் பங்கு அன்றே அடுப்பில் எரியலாம். படகின் பங்கை அடுத்த பருவத்துக்குப் பலகையாகவும் ஆணியாகவும் மாற்றியாக வேண்டும். நம் சங்கங்களில் தேய்மான நிதி என்று நாம் எழுதுவதும் இதுவே. கணக்குப் புத்தகம் வருமுன்னரே கடற்கரையில் அது இருந்தது.

1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளுக்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அத்துடன் அப்படகுகளின் பங்குக் கணக்கும் நின்றுபோயிற்று.

சுதேசிக் கப்பலின் பாடம்

பலர் பங்கு சேர்ந்து கப்பல் ஓட்டுவதென்றால் தூத்துக்குடியில் முதலில் நினைவுக்கு வருபவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் அளித்தார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிரில் நின்ற ஆங்கிலக் கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. ஆங்கிலக் கம்பெனி பிரயாணிகளை இலவசமாகவே ஏற்றிச்செல்லவும் முன்வந்தது. 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீட்டில் அது குறைந்தது. அவர் 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்குள், 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. காலியா கப்பல் எந்தப் போட்டியாளரை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தப் போட்டியாளரிடமே விலைபோயிற்று.

அந்நிய ஆட்சியின் கொடுமையே இதற்கு முதற்காரணம்; அதில் ஐயமில்லை. எனினும் கூட்டுறவாளராகிய நாம் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பங்கு வாங்கும் நாளில் பலர் இருந்தனர். பாரம் சுமக்கும் நாளில் அது சிலர் தோளில், பெரும்பாலும் ஒருவர் தோளில், இறங்கிற்று. அவரைச் சிறையில் அடைத்தவுடன் கப்பலும் நின்றது. ஒருவரின் ஆற்றலை நம்பி நிற்கும் பொதுச் சொத்து அந்த ஒருவரோடு வீழ்கிறது. சங்கத்துக்குத் தலைவர் வேண்டும். ஆனால் தலைவர் இல்லாத நாளிலும் சங்கம் நடக்கவேண்டும்.

மரம் கேட்கும் பணி

மரக்கலத்தைப் பலர் கூடி வைத்திருப்பது ஏன் கடினம் என்பதை அறிய அதன் இயல்பை அறியவேண்டும். இரும்புப் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் பத்தாண்டு கழித்துத் திறக்கலாம். படகை அவ்வாறு வைக்க இயலாது. கரையில் வெயிலில் கிடந்தால் பலகை உலர்ந்து சுருங்கும். இடுக்குகள் வாய் திறக்கும். நீரில் மிதந்தால் பலகை ஊறிப் பருத்து இடுக்குகளை மூடிக்கொள்ளும். ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே கடற்புழு துளைக்கும். உப்பு நீர் மரத்துக்கு ஓரளவு பாதுகாப்பு. உள்ளே தேங்கும் மழைநீரோ அதை மக்கச் செய்யும். ஆகவே படகு ஓடவும் வேண்டும், குறித்த காலத்தில் கரையேறவும் வேண்டும், மழைநீர் உடனுக்குடன் இறைக்கப்படவும் வேண்டும்.

கரையேற்றிய படகைச் சுரண்டித் துப்புரவு செய்து, மக்கிய பலகையை மாற்றுபவர் ஓடாவி. படகு கட்டும் தச்சரை இக்கரையில் இப்பெயரால் அழைப்பர். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துச் செருகி எண்ணெய்ப் பசையால் மூடுவதற்குக் கலப்பத்து என்று பெயர். ஏராக்கட்டை முதல் பருமல் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கை, ஒரு கண், ஒரு பழக்கம் தேவை. இவற்றைப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். ஆனால் உளியின் ஓசையைக் கேட்டே திரி போதுமா போதாதா என்று அறியும் காதைப் புத்தகம் தராது.

பாய் நம் நெசவாளர்களுக்கு நெருங்கிய பொருள். பருத்திப் பாய் ஒரே அகலத் துணியன்று. குறுகிய அகலத்தில் நெய்த கெட்டித் துணிகளைக் கரையோடு கரை சேர்த்துத் தைத்தது. புதுப் பாயை முதல் நாளிலேயே கடுங்காற்றில் விரித்தால் பாவும் ஊடையும் ஒழுங்காக இறங்குமுன் இழுபட்டு உருக்கெடும். மெல்லிய காற்றில் சில நாள் விரித்துப் பழக்கவேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நேற்று ஓட்டியவர் சோம்பலால் ஈரப் பாயைச் சுருட்டி வைத்தால் அதன் பலனை அடுத்த மாதம் வேறொருவர் அனுபவிப்பார். கூட்டுச் சொத்தின் துன்பம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

தேம்ஸ் நதியில் ஒரு சங்கம்

இத்துன்பத்தை வென்றவர்கள் உண்டா? உண்டு. இங்கிலாந்தில் தேம்ஸ் நதியிலும் அதனையடுத்த கடலோரத்திலும் தட்டையான அடிப்பாகமும் செந்நிறப் பாய்களும் கொண்ட சரக்குப் படகுகள் ஓடின. நம் தோணிகளைப் போலவே அவையும் தானியமும் வைக்கோலும் செங்கல்லும் சுமந்தவை. லாரியும் இயந்திரமும் வந்தபின் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. பாயை மட்டுமே நம்பிச் சரக்கேற்றிய கடைசிப் படகாகிய கேம்ப்ரியா 1970இல் அத்தொழிலை நிறுத்திற்று.

அந்நாள் வருமென்று முன்னுணர்ந்த சிலர் 1948இலேயே தேம்ஸ் பாய்ப்படகுச் சங்கத்தை அமைத்தார்கள். அவர்கள் செல்வர்களின் கேளிக்கைப் படகைத் தேடவில்லை. உழைத்து ஓய்ந்த சரக்குப் படகுகளையே மேற்கொண்டார்கள். 1895இல் கட்டப்பட்ட சென்டார், 1922இல் கட்டப்பட்ட பட்ஜ் ஆகிய இரண்டும் பிற்காலத்தில் அவர்கள் பொறுப்பில் வந்தன. இவற்றுள் பட்ஜ், 1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து போர்வீரர்களை மீட்கச் சென்ற படகுகளில் ஒன்று.

இச்சங்கத்தின் முறை எளிது. அங்கத்தினர் சந்தா கட்டுகிறார்கள். கோடையில் கடலுக்குச் செல்பவர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள். குளிர்காலத்தில் அங்கத்தினரே கையில் சுரண்டுகோலும் வண்ணத் தூரிகையும் ஏந்திப் பழுது பார்க்கிறார்கள். அலுவலகத்தில் எழுதுபவரும் பள்ளியில் கற்பிப்பவரும் விடுமுறை நாளில் தார் பூசுகிறார்கள். புதிதாக வந்தவர் மாலுமியின் உதவியாளராகத் தொடங்கிப் படிப்படியாகப் படகைச் செலுத்தக் கற்கிறார். படகு காக்கப்படுவதோடு படகோட்டும் அறிவும் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்கிறது. நீரையும் சேற்றையும் சேர்த்தே பங்கிட்டார்கள். ஆகவே சங்கம் நிலைத்தது.

நம் நாட்டிலும் படகுச் சங்கம் புதியதன்று. சென்னைத் துறைமுகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் அங்கே பாய்ப்படகுச் சங்கத்தை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது. சுதேசிக் கம்பெனி கலைந்த அதே ஆண்டு என்பது நினைக்கத்தக்கது. ஆனால் அச்சங்கம் விளையாட்டுக்காக அமைந்தது. நம் தண்டல்களின் தோணியைக் காப்பது அதன் நோக்கமன்று.

விற்றுவிட்ட கப்பல்

நம் மரக்கலங்களின் மதிப்பை அயலார் அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்டது அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல். நீளம் 89 அடி. பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதைக் கண்டு விரும்பி வாங்கினார். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்னும் தண்டலின் தலைமையில் ஐந்து தமிழ் மாலுமிகள் அதை இந்துமகா சமுத்திரம், செங்கடல், மத்தியதரைக் கடல் ஆகியவற்றின் வழியே செலுத்தி, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள்.

சிறிய கடலோர ஊரில் கட்டிய கப்பல், அவ்வூர் மாலுமிகளின் கையால், பாதி உலகைக் கடந்தது. நமக்கு அது சரக்கு ஏற்றும் பண்டம். வாங்கியவருக்கோ போற்றி வைத்துக்கொள்ளத்தக்க அரிய கலம். விலைக்கு விற்பது குற்றமன்று. ஆனால் அத்தகைய ஒன்றையேனும் நமக்கென்று நிறுத்திக்கொள்ள நம்மிடம் அந்நாளில் சங்கம் எதுவும் இருக்கவில்லை.

என்ன செய்யலாம்?

பெருந்தோணியைக் காக்கப் பெரும்பொருள் வேண்டும். முதலில் ஒரு பாய்மர வள்ளத்தோடு தொடங்கலாம். தனி ஒருவர் அதை வைத்திருந்தால் ஆண்டில் பத்து நாள் ஓட்டுவார். 355 நாள் அது கிடக்கும். செலவோ முழு ஆண்டுக்கும் உண்டு. இருபது பேர் சேர்ந்தால் 200 நாள் ஓடும். ஓடும் படகு கிடக்கும் படகைவிட நன்றாயிருக்கும். செலவும் இருபதில் ஒரு பங்காகும். சட்டமும் இதற்குப் புறம்பானதாக இருந்ததில்லை. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் இந்தியக் கப்பலின் உரிமையைப் பத்துப் பங்குகளாக வகுத்தது; பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கம் கப்பலுக்கு உரிமை பெறவும் இடமளித்தது.

அத்தகைய சங்கத்தின் துணைவிதிகளில் நான்கு செய்திகள் இடம்பெற வேண்டுமென்று தோன்றுகிறது.

முதலாவது, உழைப்பு நாள். பங்குத் தொகை மட்டும் அங்கத்தினரை ஆக்காது. சோழகமும் கச்சானும் கடுமையாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் படகு கரையேறும்போது ஒவ்வோர் அங்கத்தினரும் குறித்த நாட்கள் பழுது பார்க்க வரவேண்டும். வராதவருக்கு மாசி, பங்குனியில் கடல் அமைதியுறும்போது ஓட்டும் முறை குறையவேண்டும். பணம் கொடுத்து இக்கடமையிலிருந்து தப்ப இடமளித்தால், சில ஆண்டுகளில் சங்கத்தில் பணக்காரரும் கூலிக்காரரும்தான் இருப்பார்கள், பங்காளிகள் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, படகின் பங்கு. முத்துக்குளிப்புப் படகுக்கு இருந்ததுபோல், வரவில் ஒரு பகுதி முதலில் படகுக்கே செல்லவேண்டும். லாப ஈவு அதன் பின்னரே. பழுது நிதியிலிருந்து ஈவு கொடுத்த சங்கம் பலகையைப் பிடுங்கி அடுப்பெரித்த குடும்பத்துக்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நாட்குறிப்பு. படகை எடுத்தவர் எந்தக் கயிறு தேய்ந்திருந்தது, எந்த இடுக்கில் நீர் கசிந்தது, பாயை உலர்த்தினாரா என்பதை எழுதிக் கையொப்பமிட்டே அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். நம்பிக்கைக் குறைவால் அன்று; நட்பு கெடாதிருப்பதற்காக. உயிர்காப்பு அங்கிகளும், துறைமுக அதிகாரிகளின் அனுமதியும் இன்றிக் கடலுக்குச் செல்லலாகாது என்பதையும் இத்துடன் சேர்க்கவேண்டும்.

நான்காவதும் முதன்மையானதும், ஆசிரியர்கள். பாய்விரித்து ஓடிய முதிய தண்டல்களையும் உளி பிடித்த ஓடாவிகளையும் சந்தா கேளாமல் கௌரவ அங்கத்தினராக்கி, தகுந்த ஊதியத்துடன் இளைஞர்களுக்குக் கற்பிக்கச் செய்யவேண்டும். பலகையை இன்னும் ஐம்பதாண்டு கழித்தும் வாங்கலாம். காற்றின் மணத்திலேயே மழையை அறியும் அறிவை அப்போது எங்கும் வாங்க முடியாது. தாமதத்தால் நேரும் நஷ்டம் இதுவே.

கடற்கரையின் செய்தியை நெசவாளரும் விவசாயியும் ஏன் கேட்கவேண்டும் என்று சிலர் வினவலாம். நம் பஞ்சு அத்தோணியில் சென்றது. நம் துணி அதன் பாயாயிற்று. நம் வெங்காயம் இன்றும் அக்கரையிலிருந்து புறப்படுகிறது. அதற்கும் மேலாக, நம் சங்கங்களுக்குச் சாயப்பட்டறையும் கிடங்கும் தறிக்கூடமும் உண்டு. அவற்றுள் எத்தனை இடங்களில் கூரை ஒழுகுவதைக் கண்டும், மகாசபை கூடட்டும் என்று நாம் காத்திருக்கிறோம்? படகில் நீர் கசிந்தால் கடல் மகாசபைக்காகக் காத்திருப்பதில்லை. அந்த அவசரத்தைக் கற்பிப்பதனால்தான் மரக்கலம் கூட்டுறவுக்கு நல்ல ஆசானாகிறது.

அடுத்த கோடையில் நம் ஊர்ப் பொதுக் கிணற்றில் தூர் வாரும் நாள் வரும். அன்று மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பவர் எவரோ, அவரைக் காரியதரிசியாகக் கொண்டு படகுச் சங்கத்தையும் தொடங்கலாம். வேறு எந்தச் சங்கத்தையும் தொடங்கலாம்.